இரண்டு பேரன்கள்

இந்த முறை கொஞ்சம் தூரத்து ஊர்க் கதை. ஈரான். ஆனால் கதையின் அடியில் இருக்கும் கேள்வி, சங்கம், கட்சி, ஊர்க் கமிட்டி என்று ஏதாவது ஒன்றில் காலம் கழித்த எல்லோருக்கும் பழக்கமானதுதான். பொது எதிரி ஒருவன் இருக்கிறான். அவனை எதிர்த்து நம்மைவிடப் பலமாகக் குரல் கொடுப்பவரோ நம் கொள்கைக்கு நேர் விரோதமானவர். ஊரே அவர் பின்னால் போகிறது. நாமும் கூடப் போவதா, ஒதுங்கி நிற்பதா, எதிர்த்து நிற்பதா?

முஸ்லிம் நாடுகளின் இடதுசாரிகள் போன நூற்றாண்டு முழுவதும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக மக்கள் பல இடங்களில் மார்க்கத்தின் பெயரால்தான் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தில் தங்களுக்கு எந்த இடம் என்பது மார்க்ஸ் படித்தவர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இஸ்லாம் என்ற மார்க்கம் வேறு. மார்க்க அறிஞர்களே அரசையும் நடத்த வேண்டும் என்ற அரசியல் வேறு. நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி மட்டும். ரம்ஜான் மாதத்தில் நமக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

புகையிலையில் தொடங்கியது

1890-இல் ஈரான் மன்னர் நாஸிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் டால்பட் என்ற ஆங்கிலேய மேஜருக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுத்தார். பயிரிட்ட விவசாயியும் விற்ற வியாபாரியும் கொதித்தார்கள். 1891 கடைசியில் மிர்ஸா ஷிராஸி என்ற பெரிய மார்க்க அறிஞரின் பெயரில் ஒரு ஃபத்வா வந்தது. இனி புகையிலையைத் தொடக்கூடாது என்று. நாடே ஹூக்காவைக் கீழே வைத்தது. மன்னரின் அந்தப்புரத்துப் பெண்களும் வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மன்னர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

ஆக, ஈரானிய முல்லாக்கள் 1979-இல் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். அந்நியனை எதிர்த்து நின்ற நிஜமான வரலாறு அவர்களுக்கு உண்டு. அதற்கு மறுபக்கமும் உண்டு. 1906-இல் மக்கள் போராடி நாடாளுமன்றமும் அரசியல் சட்டமும் பெற்றபோது மார்க்க அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெஹ்பஹானி, தபாதபாயி போன்றவர்கள் அரசியல் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ஷேக் ஃபஸ்லுல்லா நூரி முதலில் ஆதரித்தார், பிறகு கடுமையாக எதிர்த்தார். மனிதர்கள் கூடி உட்கார்ந்து சட்டம் இயற்றுவதும், எல்லா மதத்தாரும் சட்டத்தின் முன் சமம் என்பதும் மார்க்கத்துக்கு விரோதம் என்பது அவர் வாதம். 1908-இல் நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் தகர்த்த மன்னருக்கு அவர் துணை நின்றார். அரசியல் சட்டக்காரர்கள் தெஹ்ரானைத் திரும்பப் பிடித்ததும், 1909 ஜூலை 31 அன்று அவரைப் பொதுச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள்.

அவருடைய பேரன் நூருத்தீன் கியானூரி. ஜெர்மனியில் கட்டடக்கலை படித்தவர். 1979-இல் ஈரானிய கம்யூனிஸ்டுகளின் கட்சியான துதே கட்சிக்குத் தலைவராக வந்தார். நம் கதையின் முதல் பேரன் இவர். இன்னொருவர் பின்னால் வருவார்.

பழைய பாடங்கள்

கம்யூனிஸ்டுகள் இந்தக் கேள்வியை முன்பே யோசிக்காதவர்கள் அல்லர். 1920-இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில் லெனின் காலனி நாடுகளைப் பற்றி ஓர் ஆவணம் வைத்தார். நம் நாட்டு எம்.என். ராய் அதோடு தன் பங்குக்கு ஒன்று வைத்தார். லெனின் சொன்னதன் சாரம் இது. அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்குக் கம்யூனிஸ்டுகள் உதவ வேண்டும். அதே சமயம், விடுதலைப் போராட்டத்தைச் சாக்காக வைத்து நிலப்பிரபுக்களும் முல்லாக்களும் தங்கள் பிடியை இறுக்கிக்கொள்ளப் பார்த்தால் அதை எதிர்க்க வேண்டும். தற்காலிகமாகச் சேரலாம், ஆனால் கரைந்துவிடக் கூடாது.

காகிதத்தில் தெளிவாகத்தான் இருந்தது. நடப்பில் என்ன ஆனது என்பதற்கு அதே கோடைக்காலத்தில் ஈரானிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. காஸ்பியன் கடலோரத்தில் கீலான் என்ற பகுதி. அங்கே மிர்ஸா கூச்சிக் கான் என்பவர் காட்டில் இருந்துகொண்டு அந்நியப் படைகளை எதிர்த்துப் போரிட்டு வந்தார். மார்க்கக் கல்வி படித்தவர், தொழுகை தவறாதவர். காட்டில் இருந்ததால் அவர் ஆட்களுக்கு ஜங்கலிகள் என்றே பெயர். 1920 மே மாதம் செஞ்சேனை அன்சாலி துறைமுகத்தில் இறங்கியது. ஜூனில் கூச்சிக் கானும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ரஷ்த் நகரில் ஒரு சோவியத் குடியரசை அறிவித்தார்கள்.

கூட்டு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கம்யூனிஸ்டுகள் அவசரப்பட்டார்கள். நிலத்தைப் பறிப்பதிலும் மார்க்கத்தைச் சாடிப் பிரசாரம் செய்வதிலும் இறங்கினார்கள். கூச்சிக் கான் மனம் வெறுத்துக் காட்டுக்கே திரும்பினார். 1921-இல் மாஸ்கோ தெஹ்ரானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு படையைத் திரும்ப அழைத்தது. இரு தரப்பையும் ஒட்டவைக்க வந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஹைதர் கான் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் கூச்சிக் கான் மலையில் பனியில் விறைத்து இறந்தார்.

இந்தோனேசியாவில் இருந்தும் இதே சேதி வந்தது. அங்கே சரேகத் இஸ்லாம் என்ற பெரிய மக்கள் இயக்கம் டச்சுக்காரர்களை எதிர்த்து வளர்ந்தது. தொடக்கத்தில் பாத்திக் துணி வியாபாரிகளின் சங்கம். பிறகு விவசாயிகளும் தொழிலாளிகளும் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். கம்யூனிஸ்டுகள் அதற்குள் இருந்து வேலை செய்தார்கள். 1921-இல் பிளவு வந்தது. அடுத்த ஆண்டு மாஸ்கோ மாநாட்டில் தான் மலாக்கா என்ற இளம் தோழர் எழுந்து பேசினார். மார்க்கத்தை எதிர்ப்பவர்கள் என்ற பேச்சு பரவியதால் விவசாயிகளை இழந்தோம் என்றார். முஸ்லிம் மக்களின் ஒற்றுமை உணர்வு இன்று ஏகாதிபத்தியத்துக்கு எதிரான உணர்வும்தான் என்று வாதாடினார்.

மக்களின் நம்பிக்கையைச் சீண்டினால் மக்களை இழப்போம் என்ற பாடம் இப்படிப் பதிந்தது. லெனின் சொன்னதில் பாதி அது. கரைந்துவிடக் கூடாது என்ற மறுபாதி, அரை நூற்றாண்டு கழித்துச் சோதனைக்கு வந்தது.

மொசாதேக் போட்ட வடு

துதே என்றால் மக்கள் திரள் என்று பொருள். 1941-இல் பழைய ஷா விலகியதும், சிறையில் இருந்து வெளிவந்த இடதுசாரிகள் தொடங்கிய கட்சி. சில வருடங்களிலேயே நாட்டின் மிகப் பலமான கட்சிகளில் ஒன்றானது. எண்ணெய் ஆலைத் தொழிலாளர், ஆசிரியர், எழுத்தாளர், ராணுவ அதிகாரிகள் வரை அதில் இருந்தார்கள்.

1951-இல் பிரதமர் மொசாதேக் பிரிட்டிஷ்காரர்களின் எண்ணெய்க் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கினார். துதே கட்சிக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவுக்குச் சாய்கிறவர் என்று நெடுநாள் சாடியது. பிறகு ஆதரித்தது, ஆனால் நெருக்கடி நேரத்தில் தெருவில் இறங்கி அவரைக் காப்பாற்றவில்லை. முதலில் கூட இருந்த அயதுல்லா காஷானியும் அவரைக் கைவிட்டார். 1953 ஆகஸ்ட் 19 அன்று சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் ஏற்பாடு செய்த சதியில் மொசாதேக் வீழ்ந்தார். ஷா திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே ராணுவத்துக்குள் இருந்த துதே அமைப்பு பிடிபட்டு, இருபதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்த ஒரு மனிதரைச் சரியான நேரத்தில் ஆதரிக்காமல் விட்டோம் என்ற வடு கட்சிக்குள் ஆறவே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1979-இல் அவர்கள் செய்தது புரியும்.

அடுத்த 25 வருடங்கள் ஷாவின் ஆட்சி. கட்சிகளுக்குத் தடை. சாவாக் என்ற ரகசியப் போலீஸ். 1975-இல் ஒரே கட்சி ஆட்சி என்றே அறிவித்தார்கள். சங்கக் கூட்டம் போட முடியாது, துண்டுப் பிரசுரம் அடிக்க முடியாது. ஆனால் பள்ளிவாசலைப் பூட்ட முடியுமா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தடுக்க முடியுமா? திறந்திருந்த ஒரே கதவு அதுதான். 1964-இல் அமெரிக்க ராணுவத்தினருக்கு ஈரானியச் சட்டத்தில் இருந்து விலக்கு அளித்தபோது, அதைத் துணிந்து கண்டித்துப் பேசி நாடுகடத்தப்பட்டவர் அயதுல்லா கொமேனி. அவர் பேச்சுகள் பின்னாளில் கேசட்டுகளில் பதிவாகி ஊர் ஊராகப் போயின.

1978-இல் நாடு கொந்தளித்தது. ஆனால் ஷாவின் முதுகெலும்பை முறித்தது கேசட் மட்டும் அல்ல. அக்டோபரில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாய் அளவில் ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி, சில வாரங்களில் அதில் சிறு பங்காகச் சுருங்கியது. 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டுப் போனார். பிப்ரவரி 1 அன்று கொமேனி வந்தார். பிப்ரவரி 11 அன்று பழைய ஆட்சி முடிந்தது. தெருவில் துப்பாக்கி ஏந்தி நின்றவர்களில் ஃபெதாயீன் என்ற மார்க்சிய இளைஞர்களும் இருந்தார்கள், முஜாஹிதீன்களும் இருந்தார்கள்.

இரு பேரன்கள், இரு வழிகள்

அந்த மார்ச் மாதத்தை நாள் நாளாகப் பார்க்க வேண்டும். மார்ச் 5, மொசாதேக்கின் நினைவு நாள். அவர் அடக்கமான அகமதாபாத் கிராமத்தில் பெருங்கூட்டம் கூடியது. அங்கே தேசிய ஜனநாயக முன்னணி என்ற புதிய அமைப்பை அறிவித்தவர் ஹிதாயத்துல்லா மதீன்-தஃப்தரி, வழக்கறிஞர், மொசாதேக்கின் மகள் வயிற்றுப் பேரன். இரண்டாவது பேரன் இவர்தான்.

மார்ச் 8, பெண்கள் தினம். வேலைக்குப் போகும் பெண்கள் தலையை மறைத்துத்தான் வரவேண்டும் என்று கொமேனி சொன்னதை எதிர்த்து, தெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் நாள்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அதில் பலர் ஷாவை எதிர்த்தும் தெருவுக்கு வந்தவர்கள். அவர்கள்மேல் கல்லும் கத்தியும் பாய்ந்தன. இடதுசாரி அமைப்புகளில் பெரும்பாலானவை, இது பிரதானப் பிரச்சினை அல்ல, இப்போது ஒற்றுமையைக் கெடுக்கலாகாது என்று ஒதுங்கிக்கொண்டன.

மார்ச் 30, 31-இல் வாக்கெடுப்பு. இஸ்லாமியக் குடியரசு, வேண்டுமா வேண்டாமா? வேறு தேர்வு இல்லை. மதீன்-தஃப்தரியின் முன்னணி புறக்கணித்தது. ஃபெதாயீன்களும் புறக்கணித்தார்கள். கியானூரியின் துதே கட்சி 'வேண்டும்' என்று வாக்களிக்கச் சொன்னது. 98 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அரசு அறிவித்தது.

அந்த நாட்களில் எங்கள் சங்க அறையிலும் சாயங்காலம் இந்தப் பேச்சுதான். அமெரிக்காவின் அடியாள் ஓடிவிட்டான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். வயதில் மூத்த ஒரு தோழர் மட்டும் பேப்பரை மடித்துக்கொண்டே, "அந்தப் பொம்பளைங்க எதுக்கு ஊர்வலம் போறாங்க, அதை யாருமே பேச மாட்டேங்கிறீங்களே?" என்றார். யாரும் பதில் சொன்னதாக நினைவில்லை.

ஆகஸ்டில் ஆயந்தகான் என்ற பத்திரிகையை அரசு மூடியது. கண்டித்து மதீன்-தஃப்தரியின் முன்னணி ஊர்வலம் நடத்தியது. தடியும் கல்லுமாக வந்த கும்பல் அடித்து விரட்டியது. அவர்மேல் கைது உத்தரவு வந்தது, தலைமறைவானார். அதே மாதம் குர்திஸ்தானுக்குப் படை போனது. டிசம்பரில், மார்க்க அறிஞரின் தலைமையை அரசுக்கு மேலே வைத்த அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. துதே கட்சி மறுபடியும் ஆதரித்தது. தூக்கிலிடப்பட்ட ஷேக் நூரியைப் புதிய அரசு தியாகியாகக் கொண்டாடியது. தெஹ்ரானில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர். பாட்டனார் கேட்ட ஆட்சி, பேரனின் கட்சி போட்ட வாக்கோடு வந்து சேர்ந்தது.

கியானூரி முட்டாள் அல்ல, கோழையும் அல்ல. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காதான் முதல் எதிரி. அதை எதிர்ப்பவர் யாராக இருந்தாலும் முற்போக்கான பாத்திரம் வகிக்கிறார். கொமேனியின் பின்னால் சிறு வியாபாரிகளும் ஏழைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய அழுத்தத்தில் ஆட்சி மெல்ல மெல்ல இடது பக்கம் நகரும், சோவியத் நாட்டோடு நெருங்கும். முதலாளித்துவம் அல்லாத வளர்ச்சிப் பாதை என்று மாஸ்கோ அறிஞர்களும் அப்போது இதற்குக் கோட்பாடு வைத்திருந்தார்கள். 1979 நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியபோது, கணக்கு சரியாகிவிட்டது என்றே தோன்றியிருக்கும். 52 பேர் 444 நாள் பிணையாக இருந்தார்கள். 1980 செப்டம்பரில் சதாம் உசேன் படையெடுத்ததும், நாட்டைக் காக்கும் கடமையும் சேர்ந்துகொண்டது. ஃபெதாயீன்களிலும் பெரும்பான்மைப் பிரிவு துதே வழிக்கு வந்தது.

இந்தக் கணக்கில் அமெரிக்காவை எதிர்க்கிறாரா இல்லையா என்ற ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. சொந்த ஊரில் தொழிலாளர் குழுக்களைக் கலைப்பதும், பல்கலைக்கழகங்களை மூடுவதும், பத்திரிகைகளை நிறுத்துவதும் அந்த அளவுகோலில் பதிவாகவே இல்லை. 1981 ஜூனில் அதிபர் பனி-சதர் நீக்கப்பட்டார். முஜாஹிதீன்கள் ஆயுதத்தோடு தெருவுக்கு வந்தார்கள். குண்டுவெடிப்புகள் நடந்தன. பதிலுக்கு ஆயிரக்கணக்கில் மரண தண்டனை. ஃபெதாயீன் சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த கவிஞர் சயீத் சுல்தான்பூரைத் தன் கல்யாண வீட்டிலேயே பிடித்துப் போனார்கள், அந்த ஜூனில் சுட்டுக் கொன்றார்கள். துதே கட்சி அப்போதும் எதிர்ப்புரட்சியை ஒடுக்கும் அரசின் பக்கமே நின்றது.

முறை வந்தது

1982-இல் ஈரான் தன் மண்ணை மீட்டு, போரை ஈராக்குக்குள் கொண்டுபோனது. இனி இந்தப் போர் வேண்டாம் என்று துதே கட்சி சொன்னது. பெரிய விஷயத்தில் அது மாறுபட்டது அநேகமாக அப்போதுதான். அதே ஆண்டு தெஹ்ரானில் இருந்த குஸிச்கின் என்ற சோவியத் உளவு அதிகாரி பிரிட்டனுக்கு ஓடிப்போனார். அவர் கொடுத்த தகவல்கள் ஈரான் அரசின் கைக்கு வந்தன.

1983 பிப்ரவரியில் கியானூரியும் மனைவி மர்யம் ஃபிரூசும் தலைமைக் குழுவினரும் கைதானார்கள். சில வாரங்களில் கியானூரி தொலைக்காட்சியில் தோன்றி, நாங்கள் சோவியத் உளவாளிகள் என்று வாக்குமூலம் கொடுத்தார். மே மாதம் கட்சி தடை செய்யப்பட்டது. 18 சோவியத் தூதரக அதிகாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். கடற்படைத் தளபதியாக இருந்த பஹ்ராம் அஃப்சாலியும் இன்னும் 9 பேரும் 1984 பிப்ரவரியில் கொல்லப்பட்டார்கள். கட்சியின் பெரிய படிப்பாளி எஹ்சான் தபரி, மார்க்சியம் தவறு என்று திரையில் சொல்ல வைக்கப்பட்டார். பல வருடம் கழித்து, தனக்கும் மனைவிக்கும் நடந்த சித்திரவதையை விவரித்து கியானூரி நாட்டின் தலைவருக்கே கடிதம் எழுதினார். 1999-இல் இறந்தார்.

1988 கோடையில், போர் முடிகிற நேரத்தில், சிறைகளில் இருந்த அரசியல் கைதிகளைக் குழு ஒன்றின் முன் நிறுத்தினார்கள். இடதுசாரிகளிடம் கேட்ட கேள்வி, நீ முஸ்லிமா, தொழுகிறாயா? பதில் பிடிக்காவிட்டால் தூக்கு. முஜாஹிதீன்களும் இடதுசாரிகளுமாகச் சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பலர் தண்டனைக் காலம் பாதி முடித்தவர்கள். இடதுசாரிகள் பலரைத் தெஹ்ரானுக்கு வெளியே கவரான் என்ற இடத்தில் அடையாளம் இல்லாமல் புதைத்தார்கள். அதைக் கண்டித்து எழுதியவர், கொமேனிக்கு அடுத்த தலைவராகக் குறிக்கப்பட்டிருந்த அயதுல்லா மொந்தசேரி. அதற்காகப் பதவி வாய்ப்பையே இழந்தார். மார்க்கம் வேறு, மார்க்கத்தின் பெயரால் அதிகாரம் வேறு என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அதற்கு இவரைவிடப் பெரிய சாட்சி இல்லை.

கணக்குப் பார்த்தால்

எதிர்த்தவர்கள் மட்டும் பிழைத்தார்களா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபெதாயீன் சிறுபான்மையும் அழிந்தது. முஜாஹிதீன்கள் சதாமின் நாட்டில் போய்த் தங்கி, சொந்த மக்களிடமே பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். மதீன்-தஃப்தரி நாட்டை விட்டு வெளியேறி, பாரிஸில் அந்த முஜாஹிதீன்களின் குழுவிலேயே சில காலம் சேர்ந்திருந்தார். சரியான வழியில் போனவர் ஜெயித்தார், தவறிப் போனவர் தோற்றார் என்று முடிக்க இந்தக் கதை இடம் தரவில்லை. ஷாவை எதிர்த்து கொமேனியோடு ஒரே தெருவில் நடந்ததையும் நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். நடக்காமல் இருந்திருந்தால் கீலானில் நடந்ததுபோல மக்களை விட்டுத் தனியாகத்தான் நின்றிருப்பார்கள்.

ஆனால் ஒன்றாக நடப்பதற்கும் வாயை மூடிக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. மார்ச் 8-இல் பெண்களுக்காகப் பேசியிருந்தால் கொமேனியின் ஆட்சி கவிழ்ந்திருக்காது. பத்திரிகை மூடப்பட்டபோது கண்டித்திருந்தால் துதே கட்சிக்கு ஒரு வருடம் முன்னதாகவே தடை வந்திருக்கலாம். ஆனால் 1983-இல் அவர்கள் முறை வந்தபோது, அவர்களுக்காகப் பேச ஒரு நாதி இருந்திருக்கும். பெண்கள், குர்துக்கள், பத்திரிகைக்காரர்கள், மற்ற இடதுசாரிகள் எல்லோரும் அதற்கு முன்பே தனித்தனியாக அடிபட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் துதே கட்சி அரசின் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பாலஸ்தீனம், லெபனான் என்று பேச்சு வரும்போதெல்லாம் இன்றைக்கும் இடதுசாரி நண்பர்களிடையே இதே வாக்குவாதம் நடக்கிறது. ஒரு தரப்பு, குண்டு விழும் நேரத்தில் எதிர்த்து நிற்பவனைக் குறை சொல்லாதே என்கிறது. இன்னொரு தரப்பு, அவன் கையில் ஆட்சி போனால் என்ன ஆகும் என்கிறது. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் மக்களின் உரிமையை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த மக்களுக்குள்ளேயே பெண்களும் சங்கக்காரர்களும் வேறு கருத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள், அவர்களை என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. போர் முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பார்கள். ஈரானில் அப்படிச் சொன்னவர்களில் பலர் அந்தப் போர் முடிந்த கோடையைத் தாண்டவில்லை.

கவரானில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அதன் பிறகு வருடக்கணக்கில், தடியடி வாங்கிக்கொண்டும், அந்த வெற்று மண்ணில் பூவைத் தூவிவிட்டு வந்தார்கள். அதற்குள் எந்தக் கட்சிக்காரன் எங்கே கிடக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.